ஒரே எண், இரண்டு முடிவு: கொலஸ்திரோல் ரிப்போர்ட்டை வாசிப்பது எப்படி?

கொழுந்து பறிக்கும் 29 வயதுப் பெண் ஒருவர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் 57 வயது ஆண் ஒருவர். அவருக்குச் சீனி வியாதி உண்டு, சிகரெட் பழக்கமும் உண்டு. இருவருடைய ரிப்போர்ட்டிலும் எல்.டி.எல்., அதாவது ‘கெட்ட’ கொலஸ்திரோல், 142. பெண்ணிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு டொக்டர் அனுப்பிவிடுகிறார். ஆணுக்கு அன்றைக்கே மாத்திரை எழுதுகிறார். இதில் எங்கேயும் பிழை நடக்கவில்லை. ஆனால் கிளினிக் வாசலில் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள், ஒன்று பெண்ணைக் கவனிக்காமல் விட்டார்கள் என்பார்கள், இல்லாவிட்டால் அந்த மனிதருக்குத் தேவையில்லாமல் மருந்து கொடுத்தார்கள் என்பார்கள்.

இரத்தக் கொழுப்பைப் பற்றி நம் மலையகத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. மெலிந்தவர்களுக்கு வராது, மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு வராது, சுடுதண்ணி குடித்தால் கரைந்துவிடும், மொத்தக் கொலஸ்திரோல் 200ஐத் தாண்டினால் ஆபத்து, தாண்டாவிட்டால் நிம்மதி. இவற்றில் அதிகம் கெடுப்பது கடைசியாகச் சொன்னதுதான். அது ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருப்பதைப்போலத் தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

கொலஸ்திரோல் இல்லாமல் உடம்பு ஓடாது

உடம்பிலுள்ள ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் கொலஸ்திரோல் இருக்கிறது. ஆண், பெண் ஹோர்மோன்கள், விட்டமின் டி, கொழுப்பைச் செரிக்க வைக்கும் பித்தம் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் இதுவே. தேவையானதில் பெரும் பங்கை ஈரலும் மற்றத் திசுக்களும் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. சாப்பாட்டிலிருந்து நேரடியாக வருவது சிறிய பங்கு. அதனால்தான் முட்டையைத் தொடாத சைவக்காரருக்கும், இடுப்பில் ஒரு பிடி சதை இல்லாதவருக்கும் கொலஸ்திரோல் கூடுதலாக இருக்கக்கூடும். எவ்வளவு தயாரிப்பது, எவ்வளவைத் திரும்ப எடுப்பது என்பதில் பரம்பரைக்குப் பெரிய கை உண்டு.

ட்ரைகிளிசரைட் என்பது வேறு பொருள். உடம்பு எரிபொருளாகச் சேர்த்து வைக்கும் கொழுப்பு அது. சோறு, கோதுமை மா ரொட்டி, சீனி, சாராயம் ஆகியவை தேவைக்கு மேல் உள்ளே போகும்போது, மிஞ்சியதில் ஒரு பங்கை ஈரல் ட்ரைகிளிசரைட்டாக மாற்றுகிறது. எண்ணெய்ப் பலகாரம் தொடாதவருக்கு ட்ரைகிளிசரைட் ஏறுவதன் இரகசியம் இதுதான். இந்த இரண்டுக்கும் பொதுப்பெயர் லிப்பிட். இரத்தத்தில் இவற்றை அளக்கும் பரிசோதனை லிப்பிட் புரொபைல்.

கொழுந்து லொறிக் கணக்கு

இரத்தத்தின் திரவப் பகுதி பெரும்பாலும் தண்ணீர். கொழுப்பு அதில் கரையாது. மலையில் பறித்த கொழுந்து தானாகத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேராது, லொறி வேண்டும் அல்லவா? கொலஸ்திரோலுக்கும் ட்ரைகிளிசரைட்டுக்கும் அப்படி ஒரு வாகனம் வேண்டும். புரதத்தாலும் கொழுப்பாலும் ஆன அந்தச் சின்னஞ்சிறு துணிக்கைக்கு லிப்போபுரதம் என்று பெயர்.

ஈரலிலிருந்து ட்ரைகிளிசரைட்டை நிறைய ஏற்றிக்கொண்டு புறப்படும் பெரிய லொறி வி.எல்.டி.எல். அது வழியெல்லாம் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் ட்ரைகிளிசரைட்டை இறக்கிக்கொண்டே போகிறது. இறக்க இறக்க லொறி சிறுக்கிறது. கடைசியில் மிஞ்சும் சரக்கு பெரும்பாலும் கொலஸ்திரோல்தான். அந்த நிலையில் அதன் பெயர் எல்.டி.எல். எச்.டி.எல். என்பது வேறு வரிசை வண்டி. திசுக்களில் மிஞ்சிய கொலஸ்திரோலை ஏற்றி ஈரலுக்குத் திருப்புவது அதன் முக்கிய வேலை. எல்.டி.எல்.ஐக் ‘கெட்டது’ என்றும் எச்.டி.எல்.ஐ ‘நல்லது’ என்றும் சொல்வது இதனால். இரண்டிலும் உள்ள கொலஸ்திரோல் ஒரே பொருள்தான், வேறுபடுவது வண்டி.

வேலை முடிந்த எல்.டி.எல். லொறிகளைத் திரும்ப உள்ளே எடுக்க ஈரலில் வாசல்கள் உண்டு. அவற்றுக்கு எல்.டி.எல். ஏற்பி என்று பெயர். இவற்றைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரௌனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. வாசல் குறைந்தால் லொறிகள் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிறவியிலேயே வாசல் குறைந்தவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டாலும் வாசல்கள் குறைகின்றன. கொலஸ்திரோலுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஈரலின் சொந்தத் தயாரிப்பைக் குறைக்கும்; பற்றாக்குறையை ஈடுசெய்ய ஈரல் வாசல்களைக் கூட்டும்; இரத்தத்திலுள்ள லொறிகள் குறையும். மருந்து, சாப்பாடு, பரம்பரை மூன்றும் வந்து சேருமிடம் இந்த வாசல்தான்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாதது. ரிப்போர்ட்டில் எல்.டி.எல். என்று வருவது லொறிகளின் எண்ணிக்கை அல்ல. அவற்றிலுள்ள கொலஸ்திரோல் சரக்கின் நிறை. ஆனால் இரத்தக் குழாய்க்குக் கேடு செய்வது பெரும்பாலும் லொறிகளின் எண்ணிக்கை. பலருக்கு இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும். சீனி வியாதிக்காரர், வயிறு பெருத்தவர், ட்ரைகிளிசரைட் கூடியவர் ஆகியோருக்கு மட்டும் கணக்குப் பிசகும்: சின்னச் சின்ன லொறிகள் நிறைய ஓடும், ஒவ்வொன்றிலும் சரக்குக் கொஞ்சமாக இருக்கும். எல்.டி.எல். 110 என்று பார்க்க அமைதியாக வந்திருக்கும். ரோட்டில் நெரிசல் அப்படியே இருக்கும். தெற்காசியர்களிடம் அடிக்கடி காணப்படும் அமைப்பு இது. ட்ரைகிளிசரைட் கூட, எச்.டி.எல். குறைய, தொப்பை முன்னே.

‘குழாய் அடைப்பு’ என்பது பாதி உண்மை

கொழுப்பு இரத்தக் குழாயின் உட்புறத்தில் படிந்து படிந்து வழியை அடைத்துவிடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சுடுதண்ணி குடித்தால் கரையும் என்ற நம்பிக்கைக்கும் வேர் அங்கேதான். உண்மையில் கொழுப்புத் தங்குவது குழாயின் உள்ளே அல்ல, குழாய்ச் சுவரின் உள்ளே.

நாடியின், அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயின், உட்பக்கத்தில் ஒரே அடுக்குக் கலங்களால் ஆன மெல்லிய படலம் உண்டு. இரத்தத்தில் எல்.டி.எல். கூடக்கூட, அதில் ஒரு பங்கு இந்தப் படலத்தைக் கடந்து சுவருக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. புகைத்தல், கூடிய பிரஷர், இரத்தத்தில் கூடிய சீனி ஆகியவை படலத்தைப் பழுதாக்கி இதை வேகப்படுத்துகின்றன. உள்ளே மாட்டிய எல்.டி.எல். இரசாயன மாற்றம் அடைகிறது. அதை அகற்ற வரும் வெள்ளைக் கலங்கள் கொழுப்பை விழுங்கி வீங்கி, அங்கேயே செத்துக் குவிகின்றன. மேலே நாரிழைகளால் ஒரு மூடி உண்டாகிறது. இப்படிச் சுவருக்குள் வளரும் மேட்டுக்குப் பிளாக் என்று பெயர்.

பிளாக் மெதுவாகப் பெருத்தால் வழி ஒடுங்கும்; மேடு ஏறும்போது நெஞ்சு இறுக்கும், நின்றால் விடும். ஆனால் மாரடைப்புப் பெரும்பாலும் இப்படிப் படிப்படியாக வருவதில்லை. பிளாக்கின் மூடி திடீரெனக் கிழிகிறது. உள்ளே இருப்பது இரத்தத்தில் பட்டவுடன் கட்டி உறைகிறது. சில நிமிடங்களில் நாடி அடைபடுகிறது. அதுவரை வழியைப் பாதிகூட அடைக்காமல் கிடந்த பிளாக்கும் கிழியலாம். நேற்று வரை மூட்டை தூக்கிய மனிதர் இன்று விழுவதன் காரணம் அது. மூளைக்குப் போகும் நாடியில் இதே கதை நடந்தால் பாரிசவாதம்.

இதற்கெல்லாம் பல வருடங்கள் பிடிக்கும். கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை ஆராய்ந்த அறிக்கை 1953இல் வெளிவந்தது. அவர்களுடைய சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு மேல் இதய நாடிகளில் நோயின் தொடக்கம் தெரிந்தது. எல்.டி.எல். எவ்வளவு என்பதோடு எத்தனை வருடமாக அவ்வளவு என்பதும் சேர்ந்தே கணக்கு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கொலஸ்திரோலைப் பெரும்பாலும் உடம்பே தயாரிக்கிறது. அதைச் சுமக்கும் எல்.டி.எல். துணிக்கைகள் அதிகமாகி, பல வருடங்கள் நாடிச் சுவருக்குள் நுழைந்துகொண்டிருந்தால் பிளாக் வளரும். பிளாக் கிழிந்தால் மாரடைப்பு.

இரத்தம் கொடுக்கப் போவதற்கு முன்

பரிசோதனையில் பிழை வருவது லேப்பில் குறைவு, லேப்புக்கு வருமுன்தான் அதிகம்.

வெறும் வயிற்றில் வரச் சொன்னால் 9 முதல் 12 மணித்தியாலம் போதும். இரவு எட்டரைக்குச் சாப்பிட்டால் காலை ஏழரைக்குக் கொடுக்கலாம். முதல் நாள் பின்னேரத்தோடு வாயைக் கட்டிவிட்டு, விடியற்காலை பஸ் பிடித்து, பத்து மணிக்குக் கை நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். பதினாறு மணித்தியாலப் பட்டினியால் ரிப்போர்ட் இன்னும் சரியாகிவிடாது. மயக்கம்தான் வரும். பச்சைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். விடிந்ததும் குடிக்கும் சாயத்தண்ணி வேண்டாம். சீனி போட்டதோ பால் போட்டதோ நிச்சயம் கூடாது. அன்றே வெறும் வயிற்றுச் சீனியும் பார்ப்பார்கள் என்பதால் சீனி போடாததையும் தள்ளி வைப்பது நல்லது.

எல்லாருக்கும் பட்டினி தேவையா என்றால், இல்லை. சாப்பிட்ட பின் பெரிதாக மாறுவது ட்ரைகிளிசரைட் மட்டும். மொத்தக் கொலஸ்திரோலும் எச்.டி.எல்.லும் அவ்வளவாக அசையாது. சாதாரணப் பரிசோதனைக்குப் பட்டினி அவசியமில்லை என்று ஐரோப்பிய நிபுணர் சங்கங்கள் 2016இல் கூட்டாக அறிவித்தன. சாப்பிட்டுவிட்டு எடுத்ததில் ட்ரைகிளிசரைட் 400க்கு மேல் போனால் வெறும் வயிற்றில் திரும்ப எடுப்பார்கள். ஆகவே டொக்டர் ‘சாப்பிட்டுவிட்டே வாங்க’ என்றால் அவர் மறந்து சொல்லவில்லை.

சீனி வியாதிக்கு இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். காலை மருந்தைப் போட்டுக்கொண்டு பட்டினியாகப் பஸ்ஸில் ஏறினால் இரத்தச் சீனி ஆபத்தாக இறங்கும். அந்த மருந்தை இரத்தம் கொடுத்து, சாப்பிடும்போது எடுக்கலாமா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டியைக் கட்டிக் கையோடு கொண்டுபோங்கள். பிரஷர் மாத்திரையைப் பொதுவாகத் தண்ணீரோடு வழமைபோல் எடுக்கலாம். கொலஸ்திரோல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானே பரிசோதனையே.

மேட்டில் ஏறி வந்த மூச்சோடு நேரே கை நீட்ட வேண்டாம். பத்து நிமிடம் உட்காருங்கள். படுத்திருப்பதற்கும் நிற்பதற்கும் இடையில் கொலஸ்திரோல் அளவு பத்து சதவீதம் வரை மாறும், ஏனென்றால் நிற்கும்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் நகர்ந்து மற்றவை செறிவாகின்றன. கையில் பட்டியை இறுக்கி ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தாலும் இதே பிழை வரும்.

இரண்டு மூன்று நாள் முந்தியே சாராயத்தையும் கசிப்பையும் நிறுத்துங்கள். ட்ரைகிளிசரைட்டை அவை நேராக ஏற்றும். தீபாவளிக்கோ கல்யாண விருந்துக்கோ மறுநாள் போக வேண்டாம். அதேபோல, நல்ல ரிப்போர்ட் வரவேண்டும் என்று ஒரு கிழமை கஞ்சி குடித்துவிட்டுப் போவதிலும் பயனில்லை. அந்தக் கிழமையின் கதை மட்டும் காகிதத்தில் வரும். நாடிச் சுவருக்கு மற்ற ஐம்பத்தொரு கிழமையும் ஞாபகம் இருக்கும்.

காய்ச்சல், டெங்கு, ஒப்பரேஷன் முடிந்த கையோடு எடுத்தால் எல்.டி.எல். பொய்யாக இறங்கியிருக்கும். சுகமாகிச் சில கிழமை கழித்து எடுக்க வேண்டும். மாரடைப்பு வந்தவருக்கு முதல் 24 மணித்தியாலத்துக்குள் எடுத்தால் ஓரளவு சரி. பிறகு இறங்கிவிடும், அதைப் பார்த்து ‘கொலஸ்திரோல் இல்லையே’ என்று ஏமாறக் கூடாது. கர்ப்ப காலத்தில் இயற்கையாகவே ஏறும். தைரொயிட் சுரப்பி மந்தமானாலும் எல்.டி.எல். ஏறும், காரணம் தெரியாமல் கூடியிருந்தால் தைரொயிட்டையும் பார்ப்பார்கள்.

மருத்துவ முகாம்களில் விரலில் குத்திச் செய்யும் பரிசோதனை பெரும்பாலும் மொத்தக் கொலஸ்திரோலை மட்டும் காட்டும். விரலைப் பிழிந்தாலோ, துடைத்த ஸ்பிரிட் காயாமல் இருந்தாலோ எண் பிழையாகும். இரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப்புகளின் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுப்போகும். பனிமூட்டம் ஜன்னலால் உள்ளே வரும் ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. முகாமில் கூடியிருந்தால் நாளத்திலிருந்து இரத்தம் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். வாழ்நாள் மருந்தை அந்த ஒரு சொட்டை வைத்துத் தொடங்குவதும் தவறு, நிராகரிப்பதும் தவறு.

ரிப்போர்ட்டின் ஐந்தாறு வரிகள்

ஒரு ரிப்போர்ட்டை எடுத்து வாசிப்போம். அலகு, ஒரு டெசிலீற்றரில் இத்தனை மில்லிகிராம். மொத்தக் கொலஸ்திரோல் 228, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைட் 240, வி.எல்.டி.எல். 48, எல்.டி.எல். 142, விகிதம் (மொத்தத்தை எச்.டி.எல்.ஆல் வகுத்தது) 6.0.

இவற்றில் பல லேப்புகள் நேரடியாக அளப்பது முதல் மூன்றை மட்டும். மற்றவை கணக்கு. ட்ரைகிளிசரைட்டை ஐந்தால் வகுத்தால் வி.எல்.டி.எல்.: 240ஐ 5ஆல் வகுக்க 48. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.ஐயும் வி.எல்.டி.எல்.ஐயும் கழித்தால் எல்.டி.எல்.: 228இலிருந்து 38 போக 190, அதிலிருந்து 48 போக 142. 1972இல் வெளியான ஃப்ரீட்வால்ட் சூத்திரம் இது. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் சூத்திரம் பலிக்காது. அந்த இடத்தில் எல்.டி.எல். வரியை லேப் வெறுமையாக விடும், அல்லது நேரடியாக அளக்கும். வெறுமையாக விட்டதை லேப்பின் கவனக்குறைவு என்று நினைத்துச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

மொத்தக் கொலஸ்திரோல் எல்லா வண்டிகளின் சரக்கையும் கூட்டிய தொகை. பின்னால் பார்க்கப்போகும் ஆபத்து அட்டவணையில் போட அது உதவும். தனியாக வாசித்தால் ஏமாற்றும். எச்.டி.எல். 75 உள்ள பெண்ணுக்கு மொத்தம் 215 வந்து, பக்கத்தில் கூடுதல் என்று குறி விழும். பயப்பட ஒன்றுமில்லாமல் இருக்கலாம். எச்.டி.எல். 30 உள்ள ஆணுக்கு 190 வந்து குறியே விழாது. கவலைப்பட வேண்டியவர் அவர்.

எல்.டி.எல். 100க்குக் கீழ் நல்லது, 130 முதல் 159 எல்லைக்கோடு, 160இலிருந்து கூடுதல், 190உம் அதற்கு மேலும் மிகக் கூடுதல். 190ஐத் தொட்டால் வயதைப் பார்க்காமல் பரம்பரைக் கொலஸ்திரோல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். கிட்டத்தட்ட 250 பேரில் ஒருவருக்கு அது உண்டு. குதிகாலின் பின்புறத் தசைநாண் தடித்திருப்பது, 45 வயதுக்கு முன்பே கருவிழி ஓரத்தில் வெள்ளை வளையம் தெரிவது, தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருப்பது ஆகியவை துப்புகள். அவருடைய பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எச்.டி.எல். ஆணுக்கு 40க்குக் கீழும் பெண்ணுக்கு 50க்குக் கீழும் குறைவு. குறைவாக இருப்பது எச்சரிக்கை. ஆனால் மருந்து கொடுத்து அதை ஏற்றிப் பார்த்த ஆய்வுகளில் மாரடைப்புக் குறையவில்லை. ‘நல்ல கொலஸ்திரோலைக் கூட்டும்’ என்று விற்கப்படும் புட்டிகளுக்குக் காசு கொடுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ட்ரைகிளிசரைட் 150க்குக் கீழ் இருக்க வேண்டும். 500ஐத் தாண்டும்போது கதை மாறுகிறது: கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். கட்டுப்படாத சீனியும் குடியும் சேர்ந்தவர்களிடம்தான் இது அதிகம். இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் பால் நிறத்தில் இருந்ததாக லேப் குறிப்பு எழுதியிருந்தால் அதைத் தள்ளி வைக்காதீர்கள்.

அச்சாகாத ஓர் எண்ணை நீங்களே போடலாம்: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.ஐக் கழியுங்கள். மேலே உள்ளதில் 190. எச்.டி.எல். அல்லாத கொலஸ்திரோல் என்று இதற்குப் பெயர். கெடுதல் செய்யும் எல்லா லொறிகளின் சரக்கும் இதில் அடங்கும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பெரிதாக மாறாது. ட்ரைகிளிசரைட் கூடியவருக்கு எல்.டி.எல்.ஐவிட இதை நம்பலாம். எல்.டி.எல். இலக்கோடு 30ஐக் கூட்டினால் இதன் இலக்கு.

அலகையும் பாருங்கள். சில லேப்புகள் மில்லிமோல் கணக்கில் கொடுக்கின்றன. போன முறை 228, இந்த முறை 5.9 என்றால் எதுவும் இறங்கவில்லை, இரண்டும் ஒன்றே. கொலஸ்திரோல் மில்லிமோலை 38.67ஆலும் ட்ரைகிளிசரைட்டை 88.57ஆலும் பெருக்கினால் பழைய அலகு வரும்.

சுருக்கம்: மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். எல்.டி.எல்., எச்.டி.எல். அல்லாதது, ட்ரைகிளிசரைட் மூன்றையும் பாருங்கள், அலகைச் சரிபாருங்கள்.

ஆளைப் பார்த்துத்தான் எண்

இப்போது தொடக்கத்து 142க்கு வரலாம். எல்.டி.எல். எவ்வளவு இருக்கலாம் என்பது ஆளின் மொத்த ஆபத்தைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அட்டவணையில், 40 முதல் 74 வயது வரையானவர்களுக்கு, வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம், பிரஷரின் மேல் எண், சீனி வியாதி, மொத்தக் கொலஸ்திரோல் ஆகியவற்றைச் சேர்த்து, அடுத்த 10 வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். ஏற்கனவே மாரடைப்பு வந்தவருக்கு அட்டவணை தேவையில்லை. அவர் தானாகவே மிக உயர்ந்த ஆபத்தில் இருக்கிறார். அவருக்கு எல்.டி.எல். 70க்குக் கீழ் வேண்டும், ஐரோப்பிய வழிகாட்டல் 55க்குக் கீழ் என்கிறது. லேப் தாளில் அச்சடித்திருக்கும் ‘சாதாரண அளவு’ அவருக்குப் பொருந்தாது. 40 வயதைத் தாண்டிய சீனி வியாதிக்காரருக்குப் பெரும்பாலும் எல்.டி.எல். எவ்வளவாக இருந்தாலும் ஸ்டாட்டின் எழுதுவார்கள். 29 வயதுப் பெண்ணுக்கு வேறு ஆபத்து இல்லையென்றால், குடும்ப வரலாற்றைக் கேட்டு, சாப்பாட்டைத் திருத்தி, காலம் கழித்துத் திரும்பப் பார்த்தால் போதும்.

மலையேறும் வேலை எல்.டி.எல்.ஐ அவ்வளவாக இறக்காது. ட்ரைகிளிசரைட்டையும் சீனியையும் பிரஷரையும் இறக்க உதவும். அதே நேரம் வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலை சிகரெட் இல்லாவிட்டாலும் புகையிலைதான். ஆபத்தைக் கணக்கிடும்போது அதை டொக்டரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் அதிகம், முக்கியமாகப் பெண்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்றிமீற்றர், பெண்ணுக்கு 80 என்பது நம்மவர்களுக்கான எல்லை.

சாப்பாட்டில் எது எதை அசைக்கும்

எல்.டி.எல்.ஐ ஏற்றுவதில் முட்டையைவிடப் பெரிய ஆள் நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேலும், பாம் எண்ணெயில் ஏறத்தாழப் பாதியும் அதுதான். ‘கொலஸ்திரோல் அற்றது’ என்று எண்ணெய்ப் போத்தலில் போட்டிருப்பது பொய்யில்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்திரோல் கிடையாது. ஆனால் ஈரலின் வாசல்களை மூடுவது எண்ணெயின் நிறைவுற்ற பகுதி. தேங்காயை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கவும் தேவையில்லை. மூன்று கறிக்கும் முதற்பால் ஊற்றுவதை ஒரு கறியோடு நிறுத்தலாம். ரொட்டிக்குச் சம்பல் என்றால் கறிக்குப் பால் வேண்டாம். ஒரே எண்ணெயில் நாள் முழுக்கப் பொரித்த வடையையும் ரோல்ஸையும் தினசரிப் பழக்கமாக்காதீர்கள்.

ட்ரைகிளிசரைட்டுக்கு எதிரி வேறு. ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஆறு கோப்பை என்றால் 50 கிராமுக்குக் குறையாது. அதைக் குறைப்பதும் மதுவை நிறுத்துவதும் சில கிழமைகளில் ட்ரைகிளிசரைட்டில் தெரியும். பருப்பு, கடலை, போஞ்சி, கரட், ஓட்ஸ் ஆகியவற்றிலுள்ள கரையும் நார் எல்.டி.எல்.ஐச் சுமார் 5 சதவீதம் குறைக்கலாம். பூண்டும் வெந்தயமும் சாப்பிடலாம். மாத்திரைக்குப் பதிலாக அல்ல. கொதிக்கவைத்து அப்படியே குடிக்கும் கோப்பி எல்.டி.எல்.ஐச் சிறிது ஏற்றும். கடதாசி வடியில் வடித்தால் அந்தப் பொருள் தங்கிவிடும். தேத்தண்ணியில் இந்தப் பிரச்சினை இல்லை. கருவாடு கொலஸ்திரோலைவிட உப்பால், பிரஷர் வழியாகத்தான் கெடுக்கும்.

மாத்திரையும் அடுத்த பரிசோதனையும்

முதல் ஸ்டாட்டினை ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் அரிசியில் வளர்ந்த பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்தார். இன்று அடிக்கடி எழுதப்படுவது அடொர்வஸ்டட்டின். எல்.டி.எல்.ஐ ஏறத்தாழ 39 குறைத்தால், அதாவது ஒரு மில்லிமோல், மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது. கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம் மட்டும்.

தொடங்கி 4 முதல் 12 கிழமைக்குள் திரும்பப் பரிசோதிப்பார்கள். இங்கேதான் மலையகக் கிளினிக்குகளில் பழைய கூத்து நடக்கிறது: ரிப்போர்ட் நன்றாக வந்ததும் ‘சுகமாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்திவிடுவது. எண் இறங்கியது மாத்திரையால். நிறுத்திய சில கிழமைகளில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். கிளினிக் திகதி தவறி மருந்து முடிந்தவர்கள், பரிசோதனைக்கு முன் எத்தனை நாள் மாத்திரை எடுக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள்.

ஸ்டாட்டின் எடுக்கும்போது இரண்டு தொடையும் காரணமில்லாமல் வலித்தால், அல்லது சிறுநீர் கடும் தேத்தண்ணி நிறத்தில் போனால் உடனே காட்டுங்கள். நெஞ்சுச் சளிக்கென்று கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற மருந்து எழுதினால் ஸ்டாட்டின் எடுப்பதைச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் தசைக்குக் கேடு. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் பேச வேண்டும்.

ஆபத்து எதுவும் தெரியாத 35 வயதுக்கு மேற்பட்டவர்கள், அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் பிரஷர், சீனி, கொலஸ்திரோல் பார்த்துக்கொள்ளலாம், இலவசம். பழைய ரிப்போர்ட்டுகளைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள், முடிந்தவரை ஒரே லேப்பில் எடுங்கள். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் கொலஸ்திரோல் ஐந்தாறு சதவீதமும் ட்ரைகிளிசரைட் இருபது சதவீதம் வரையும் தானாகவே மாறும், எல்.டி.எல். 118இலிருந்து 124 ஆனதற்கு யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ ஓடும் வலி, குளிர்ந்த வியர்வை, சீனி வியாதிக்காரருக்கு வலியே இல்லாமல் திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு லிப்பிட் ரிப்போர்ட் தேவையில்லை. ‘வாயு’ என்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு காத்திருக்காமல், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து, ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.